மூன்றாம் மாடியில் பால் பொங்கியது

மொன்ட்ரியாலில பஸ் வழி மாறினால் சனம் சத்தம் போடாது. வாசிச்சுக்கொண்டிருந்த புத்தகத்தைப் பையில போட்டுக்கொண்டு, விட்ட இடத்தில இறங்கி நடக்கும். யாழ்ப்பாணத்தில பஸ் டிப்போவில முப்பத்தொரு வருசம் டைம் கீப்பராக இருந்தவன் நான். அஞ்சு நிமிசம் பிந்தினால் சனம் என்ர கூண்டுக்கு முன்னால வந்து நிண்டு என்ர பரம்பரையையே இழுத்துப் பேசும். இங்கத்தைப் பொறுமையைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நான் இங்க வந்து நாலாம் நாள் அது. அலுமாரிக்கு மேல கிடந்த சூட்கேசை எடுக்கக் கதிரையில ஏறின என்ர தங்கச்சி வசந்தி விழுந்து, கணுக்காலில பிளாஸ்டர், அதுக்குத்தான் நான் வந்தது. அவளின்ர மகன் வேலையோட வான்கூவரில. "அண்ணை, ரண்டு மாசம் வந்து நில்லுங்கோ. சமையல் நான் இருந்துகொண்டே செய்வன். கடைக்குப் போய்வர ஒரு ஆள் இருந்தால் காணும்" எண்டாள். பென்சன்காரனுக்கு வேற என்ன வேலை? வெளிக்கிட்டு வந்திட்டன். கனடாவுக்குப் போறன் எண்டதும் ஊரில எல்லாரும் நயாகரா நயாகரா எண்டினம். எனக்குக் கிடைச்சது மரக்கறிக் கடைதான்.

அண்டைக்கும் வெண்டிக்காய், மரவள்ளிக்கிழங்கு, கருவாடு எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில இருந்தன். இந்த ஊரில வெயில் காலம் வந்தால் றோட்டெல்லாம் செம்மஞ்சள் கூம்பு முளைச்சிடும். எங்க பார்த்தாலும் கிண்டிப்போட்டு வைச்சிருப்பினம். ஒரு சந்தியில சாரதி பஸ்ஸை நிப்பாட்டிப் பிரெஞ்சில ஏதோ சொன்னார். எல்லாரும் இறங்கிச்சினம், நான் அசையேல்லை. சாரதி திரும்பி என்னோட கதைச்சார். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி ரண்டும்தான். ரண்டையும் சொன்னன். அவர் அதுக்குப் பிறகு இன்னும் கூடக் கதைச்சார்.

இறங்கிப்போன ஆக்களில ஒருத்தர் திரும்பி ஏறி வந்தார். நல்ல உயரமான ஆபிரிக்கர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். "பாப்பா, பஸ் இனி இந்தப் பக்கம் போகாது. வாங்கோ, நடப்பம்" எண்டு இங்கிலீசில சொன்னார். பாப்பா எண்டதும் எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. பேந்துதான் விளங்கிச்சு, அவையின்ர நாட்டில வயசுக்கு மூத்த ஆம்பிளையை அப்பா எண்டுதான் கூப்பிடுவினமாம். நாங்கள் ஐயா எண்டுற மாதிரி.

என்ர பையில ஒண்டை வாங்கித் தூக்கினார். உள்ள எட்டிப் பார்த்தவர் அப்பிடியே நிண்டிட்டார். வெண்டிக்காய், மரவள்ளி, கருவாடு. உங்கட வீட்டில ஆபிரிக்க ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டார். இது எங்கட சாப்பாடு எண்டு நான் சொல்ல, இல்லை, இது எங்கட சாப்பாடு எண்டார் அவர். வழி முழுக்க வெண்டிக்காயில சண்டை. நாங்கள் வழுவழுப்புப் போகப் பொரிப்பம். அவைக்கு அந்த வழுவழுப்புத்தான் வேணுமாம், அது இல்லாட்டில் வெண்டிக்காய் எதுக்கு எண்டு கேக்கிறார். நல்லாத்தான் இருக்கு நியாயம்.

பேர் யாவோ. நாடு டோகோ, ஊர் லோமே. வியாழக்கிழமை பிறந்த ஆம்பிளைப் பிள்ளைக்கு அங்க யாவோ எண்டு பேராம். நான் என்ன கிழமை எண்டு கேட்டார். நட்சத்திரம் கேட்டால் சொல்லுவன், ராசி கேட்டால் சொல்லுவன், கிழமை ஆருக்குத் தெரியும்? பிறந்த கிழமை தெரியாத மனிசனை அவர் இப்பதான் முதல்முதல் பார்க்கிறார் எண்டது முகத்தில தெரிஞ்சது.

போனில படம் காட்டினார். மனிசி அப்லா, மகள் அஃபி. தகப்பன் வெளிக்கிடேக்க பிள்ளைக்கு ஒரு வயசு, இப்ப அஞ்சு. நாலு வருசம் பேப்பர் அலுவல் இழுபட்டு, ஒரு மாதிரி விசா வந்து, ஜூலை ரண்டாம் திகதி பின்னேரம் வந்து இறங்கப்போகினம். இவ்வளவு நாளும் மொன்ட்ரியால்-நோர் எண்ட பகுதியில ஒரு நிலக்கீழ் அறையில தனிய இருந்தவராம், இப்ப ஒண்டாம் திகதியில இருந்து ரண்டறை வீடு எடுத்திருக்கிறாராம், அதைத்தான் இண்டைக்குப் பார்க்க வந்தவராம். விலாசத்தைச் சொன்னார். நான் வசந்தி எழுதித் தந்த துண்டைச் சட்டைப் பையில இருந்து எடுத்து நீட்டினன். ஒரே கட்டடம். நாங்கள் கீழ் வீடு, அவருக்கு மூன்றாம் மாடி.

வசந்தி விடுவாளோ? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லிப்போட்டாள். இருபது வருசம் பிள்ளைகள் பராமரிக்கிற ஒரு கார்டெரியில சமைச்சவள், பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. மரவள்ளியும் மீனும் இறாலும் போட்டு, பனங்கிழங்கு மாவில ஒடியல் கூழ் காய்ச்சினாள். யாவோ பனையோலைப் பிளாவில குடிக்கிற மாதிரி கோப்பையைத் தூக்கிக் குடிச்சார். ரண்டாம் தரமும் வாங்கினார். பிறகு சோறு வைக்க, கரண்டியைத் தள்ளி வைச்சிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து குழைச்சுச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுற வடிவைப் பார்த்து எனக்கும் பசி வந்திட்டுது, இவ்வளவுக்கும் நான் சாப்பிட்டு முடிச்சவன்.

சாப்பாடு முடிய வசந்தி கேட்டாள், வீடு மாறுறதுக்கு ஆர் வருகினம், விமான நிலையத்துக்கு ஆர் வருகினம் எண்டு. மனிசன் தேத்தண்ணியை வைச்சிட்டார். பேந்து பிரெஞ்சில மெல்லச் சொல்ல, வசந்தி எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் இரவில ஒபிஸ், கந்தோர்கள் துப்புரவாக்கிற வேலை. ஆக்கள் போன பிறகு போய், வர முதல் வெளிக்கிட வேணும். பகல் முழுக்க நித்திரை. இந்த ஊரில அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு சீவன் இல்லை. ஆனால் மனிசிக்கு ஒவ்வொரு கிழமையும் சொல்லியிருக்கிறார், இங்க எனக்குக் கனக்க ஆக்கள், எல்லாரும் உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கினம் எண்டு.

"அங்க வெளிநாட்டில இருந்து ஒரு ஆள் வந்தால் முற்றம் நிறையச் சனம் நிக்கும். அவள் வந்து இறங்கிப் பார்க்க, நான் மட்டும்தான் நிக்கப்போறன்" எண்டாராம்.

எனக்கு அந்த இடத்திலயே மூளை வேலை செய்யத் துவங்கிச்சு. கோயிலில சொல்லி ஒரு இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வருவம், மேளதாளம் இல்லாட்டிலும் சனமாவது நிக்கும் எண்டன். அவர் போன பிறகு வசந்தி என்னைப் பிடிச்சு வாங்கினாள்.

"கூலிக்கு மாரடிக்கவோ அண்ணை? இண்டைக்கு வந்து நிண்டிட்டு நாளைக்குக் காணாமப் போற ஆக்கள் அந்தப் பிள்ளைக்கு எதுக்கு?"

அவள் சொன்னது சரி. ஆனால் சரியாகச் சொன்னதால ஆக்கள் வந்திடாது. பன்னிரண்டு குடும்பம் இருக்கிற கட்டடம் அது. வசந்திக்கே, ஒம்பது வருசம் இருந்தும், ரண்டு வீட்டுக்காரரைத்தான் தெரியும். மற்ற ஆக்கள் எல்லாம் படியில கண்டால் பொன்ஜூர், கதவைச் சாத்தினால் சரி.

ஜூலை ஒண்டாம் திகதியைப் பற்றிச் சொல்ல வேணும். அண்டைக்கு இந்த ஊர் முழுக்க வீடு மாறும். ஒருத்தர் ரண்டு பேர் இல்லை, முக்கால்வாசி வாடகை ஒப்பந்தமும் முதல் நாளோட முடிஞ்சு அண்டைக்குத் துவங்குது. நீ வெளிக்கிட்டால்தான் நான் வரலாம், நான் வெளிக்கிட்டால்தான் இன்னொருத்தர் வரலாம். எல்லா பஸ்ஸையும் ஒரே நேரத்தில ஒரே மேடையில இருந்து விடச் சொன்ன மாதிரி. ஆர் இந்த நேர அட்டவணையைப் போட்டதோ, அவரை எங்கட டிப்போவில ஒரு நாள் வைச்சிருக்க மாட்டினம்.

காலமை எட்டு மணிக்கு நான் வெளியில கதிரை போட்டு இருந்தன். றோட்டு ரண்டு பக்கமும் லொறி. பிரிட்ஜை முதுகில பட்டி போட்டுக் கட்டிக்கொண்டு ஒரு பெடியன் இறங்கி வாறான். நடைபாதையில கதிரை, மேசை, விளக்கு, ஒரு பியானோ கூடக் கிடந்தது. வேண்டாததை வெளியில விட்டிட்டுப் போவினமாம், வேணுமெண்ட ஆள் எடுக்கலாமாம். குப்பையில இருந்து சோபா எடுக்கிறதோ எண்டு நான் முகத்தைச் சுழிச்சன். பத்து மணிக்கு நானே ஒரு நல்ல மர அலுமாரியைப் பார்த்து வைச்சு, ஒருத்தரும் எடுக்காமல் அதுக்கு மேல ஏறி இருந்தன்.

யாவோ வந்த வான்காரருக்கு அடுத்த ஓட்டம் இருந்தது. சாமானை நடைபாதையில இறக்கிப்போட்டு அந்த ஆள் பறந்திட்டார். ஒரு மெத்தை, நாலு பெட்டி, ஒரு சோறு அவிக்கிற மிசின், இன்னும் பூட்டாத சின்னப் பிள்ளைக் கட்டில் ஒண்டு. நாலு வருச வாழ்க்கை அவ்வளவும்தான். மூன்றாம் மாடியில அதுவரை குடியிருந்த கியூபெக் பெட்டைக்கு வில்லரேப் பக்கம் எடுத்த புது வீடு இன்னும் காலியாகேல்லை, அதனால அவளும் படியில இருந்து பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு மணிக்கு மேலதான் வெளிக்கிட்டாள்.

அவள் தந்த வீட்டுத் திறப்புக் கைக்கு வந்ததும் யாவோ மெத்தையைத் தூக்கினார். வசந்தி கீழ் வாசலில கதிரையில இருந்து கையைக் காட்டி நிப்பாட்டிப்போட்டாள். பால் காய்ச்சாமல் ஒரு சாமான் உள்ள போகப்படாது. புதுச் சட்டி வாங்கி வைச்சிருக்கிறாள், கிழக்குப் பக்கம் பார்த்துப் பொங்கி வழிய வேணும், ராகுகாலம் துவங்க முதல் முடிக்க வேணும். எனக்குப் பயம், இந்த மனிசன் என்ன நினைக்கப்போறாரோ எண்டு. அவர் சந்தோசமாகச் சிரிச்சார். தங்கட ஊரிலயும் புது வீட்டுக்குள்ள வெறுமனே போறதில்லை, மூத்த ஆக்கள் வந்து நல்ல வார்த்தை சொல்ல வேணும், இங்க ஆரிட்டக் கேக்கிறது எண்டுதான் பேசாமல் இருந்தனான் எண்டார். ஆக, பால் காய்ச்சுற மூத்த ஆள் நான்.

கிழக்கை யாவோவின்ர போன் காட்டிச்சு. சட்டியை வைச்சு அடுப்பைத் திருகினன். கீழ இருந்து வசந்தி "அண்ணை, நேரம் போகுது" எண்டு கூப்பிடுறாள். ஒரு பஸ்ஸைக்கூட நேரத்துக்கு முந்தி வெளிக்கிட விடாத நான், அண்டைக்கு அவசரப்பட்டு அடுப்பை முழுச் சூட்டில விட்டன். விறகடுப்பில பால் வழிஞ்சால் சாம்பல் குடிச்சிடும். இது கரண்டு அடுப்பு, சிவந்துபோன கம்பிச் சுருள். பால் வடிவாகப் பொங்கி நாலு பக்கமும் வழிஞ்சது. நான் கையெடுத்துக் கும்பிட்டன். கண்ணைத் திறக்க வீடு முழுக்கப் புகை. யன்னல் பெயின்ற்றில ஒட்டுப்பட்டுத் திறக்க மாட்டன் எண்டுது. அந்த நேரம் கட்டடத்தின்ர தீ மணி அடிக்கத் துவங்கிச்சு.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்சது. பன்னிரண்டு கதவும் திறந்து சனம் படியால இறங்குது. ஒருத்தர் பாதி முகம் சவரம் செய்தபடி. ஒருத்தி ஈரத் தலையில துவாய். வசந்தி பாஸ்போட்டை எடுக்கேல்லை, நகையை எடுக்கேல்லை, அண்டைக்கு எல்லாருக்குமெண்டு வைச்ச ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியை ஆரையோ பிடிச்சு எடுப்பிச்சு மடியில வைச்சுக்கொண்டு வெளியில இருந்தாள்.

தீயணைப்பு வண்டி சந்தியில வந்து நிண்டிட்டுது. உள்ள வர வழியில்லை, றோட்டெல்லாம் வீடு மாறுற லொறி. சாரதிமார் ஆளை ஆள் பார்த்து ஹோர்ன் அடிக்கினம். அதுக்கு மேல என்னால பொறுக்க ஏலாமல் போச்சு. நடுறோட்டில இறங்கினன். நீ பின்னால எடு, நீ ஓரம் கட்டு, நீ அசையாத எண்டு கையாலயும் தமிழாலயும் சொல்லிச் சொல்லி ஏழு லொறியை ஒதுக்கினன். ஒருத்தரும் நீ ஆர் எண்டு கேக்கேல்லை. சொந்த ஊரிலகூட எனக்கு இப்பிடி ஒரு மரியாதை கிடைச்சதில்லை.

கோடாலியும் தொப்பியுமாக ரண்டு பேர் மேல ஓடிச்சினம். கொஞ்ச நேரத்தால ஒருத்தர் இறங்கி வந்தார், கையில வசந்தியின்ர புதுப் பால் சட்டி. இது ஆரின்ர சட்டி எண்டு கேட்டார்.

நான் வாய் திறக்க முதல் யாவோ கையை உயர்த்தினார். முகம் செத்துப்போச்சு. ஏனெண்டால் முன்னுக்கு நிண்டது கட்டடச் சொந்தக்காரி, இரண்டாம் மாடியில இருக்கிற வயசான கிரேக்கப் பெண். திறப்புக் கைக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை, அதுக்குள்ள கட்டடத்தையே றோட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. நாளைக்கு மனிசியும் பிள்ளையும் வரேக்க வீடே இல்லாமல் போகப்போகுது எண்டு மனிசன் நினைச்சது எனக்குத் தெரிஞ்சது. எனக்கும் அதே பயம்தான்.

வசந்தி கதிரையில இருந்தபடி சத்தமாகப் பிரெஞ்சில சொன்னாள். அவர் இல்லை, நான்தான் செய்யச் சொன்னனான், செய்தது என்ர அண்ணை. ஏன் செய்தது எண்டும் சொன்னாள். நாளைக்கு ஆர் வருகினம், எத்தினை வருசத்துக்குப் பிறகு வருகினம் எண்டும் சொன்னாள். அந்த நடைபாதையில நிண்ட அவ்வளவு பேரும் கேட்டுக்கொண்டு நிண்டினம்.

கிரேக்க அம்மா யாவோ பக்கம் திரும்பினா. பிறகு, இந்தக் கட்டடத்தை வாங்கேக்க தங்கட பாதிரியார் வந்து, துளசி மாதிரி ஒரு கொத்தைத் தண்ணியில தோய்ச்சு அறை அறையாகத் தெளிச்சவர் எண்டு சொன்னா. அதில தன்ர புருசனின்ர புதுக் கோட்டு நனைஞ்சு பெரிய சண்டையாம்.

"பால் பொங்கியாச்சுத்தானே? பிறகேன் இந்த மெத்தை இன்னும் கீழ கிடக்குது?" எண்டா.

உள்ள போகலாம் எண்டு தீயணைப்புக்காரர் சொல்ல அரை மணித்தியாலம் பிடிச்சது. அதுக்குள்ள வசந்தியின்ர கறிச் சட்டி சுத்தி வந்தது, ஆரோ முன் கடையில பாண் வாங்கிக்கொண்டு வந்தினம். கறி உறைச்சு ஒரு வெள்ளைக்காரருக்கு மூக்கால வடிஞ்சது, அந்த மனிசன் கண்ணீரோட இன்னும் கேட்டு வாங்கினார். முகத்தில பாதிச் சவரத்தோட நிண்டவர் வங்காளி, டாக்சி ஓடுறவர், பேர் ரஃபீக். தன்ர பெரிய வானில விமான நிலையத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போறன் எண்டார். தலையில துவாயோட நிண்டது ஹெய்ட்டி நாட்டுத் தாதி மரிஸ். நடைபாதையில ஆரோ விட்டிட்டுப் போன பெரிய மெத்தையை யாவோ ஆசையாகப் பார்க்க, கையைப் பிடிச்சு இழுத்துப்போட்டா. மரச்சாமான் எடு, மெத்தை மட்டும் றோட்டில எடுக்கப்படாது, மூட்டைப்பூச்சி குடும்பத்தோட வரும் எண்டா. பேந்து தன்ர வீட்டில இருந்து ஒரு நல்ல மெத்தையைத் தானே இறக்கிவிட்டா.

படியில எல்லாரும் வரிசையாக நிண்டு சாமானைக் கை மாத்திச்சினம். நாலு பெட்டி ஏத்த எவ்வளவு நேரம்? ஆனால் ஏத்தி முடிய இன்னும் இன்னும் சாமான் வந்தது. என்ர அலுமாரி, ஒரு மேசை, திரைச்சீலை, பிள்ளைச் சைக்கிள். ஒவ்வொண்டும் மேல போகேக்க யாவோ கொடுத்த ஆளின்ர பேரைக் கேட்டார். கேட்டுத் தன்ர வாயில ரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

ரண்டாம் திகதி பின்னேரம் நாங்கள் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. அஞ்சு மணிக்கு நான் வசந்தியைக் கதிரையோட வாசலில கொண்டுபோய் இருத்த, கிரேக்க அம்மா நல்ல உடுப்போட இறங்கி வந்தா. மரிஸ் வேலையால நேரே வந்தா. வில்லரேக்குப் போன கியூபெக் பெட்டை விட்டிட்டுப் போன தேத்தண்ணிக் கேத்திலை எடுக்க வந்தவள், கேத்திலை மறந்து நிண்டிட்டாள். அஞ்சரைக்கு எண்ணிப் பார்த்தன், வாசல் படியில இருபத்தாறு பேர்.

ரஃபீக்கின்ர வான் வந்தது. விமான நிலையத்தில பிள்ளை தாயின்ர சீலைக்குப் பின்னால ஒளிச்சு, தகப்பனிட்ட வரமாட்டன் எண்டிட்டுதாம். பாதி வழியில மெல்லக் கையை நீட்டி அவற்ற பெருவிரலைப் பிடிச்சதாம், அதுக்குப் பிறகு விடேல்லையாம். ரஃபீக் முன் கண்ணாடியில இவையைப் பார்த்துக்கொண்டு வானை ஓட்டி, திரும்ப வேண்டிய இடத்தையும் விட்டிட்டாராம். இறங்கேக்க அஃபி தகப்பனின்ர தோளில இருந்தாள்.

அப்லா இறங்கி நடைபாதையில நிண்டு எங்களைப் பார்த்தா. இவ்வளவு நேரமும் வாய் ஓயாமல் கதைச்ச சனம், பொம்பிளை பார்க்க வந்த வீட்டுக்காரர் மாதிரி அடங்கிப்போச்சு. யாவோ ஒவ்வொருத்தராகக் காட்டிப் பேர் சொன்னார். மரிஸ், ரஃபீக், வசந்தி, பாப்பா எண்டு என்னை. ரஃபீக்கோட இருபத்தேழு, அதில ஒண்டும் பிழைக்கேல்லை.

அப்லா எல்லாரையும் கேட்டு முடிச்சிட்டு வசந்தியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பிரெஞ்சில ஏதோ சொன்னா. வசந்தி அதை எனக்குத் தமிழில சொன்னாள்.

"நாலு வருசமாக, கனக்க ஆக்கள் இருக்கினம் எண்டு இவர் போனில சொல்லுவார். ஒரு நாளாவது இவற்ற குரலுக்குப் பின்னால இன்னொரு குரல் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். கேட்டால் மனிசன் உடைஞ்சு போவார் எண்டு கேக்கேல்லை."

யாவோ தலையைக் குனிஞ்சார். அப்லா அவரைப் பார்க்கேல்லை. கைப்பையில இருந்து போனை எடுத்து லோமேக்கு, யாவோவின்ர தாய்க்கு, அழைப்பு எடுத்தா. அங்க ஆரோ எடுத்து அலோ அலோ எண்டினம். அப்லா ஒரு வார்த்தை பேசேல்லை. போனைத் தலைக்கு மேல தூக்கி எங்கட பக்கம் பிடிச்சா.

நாங்கள் எல்லாரும் விசரர் மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டு நிக்கிறம்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? கதையுங்கோவன்" எண்டு தமிழில நான்தான் சத்தம் போட்டன்.

கதைச்சினம். கிரேக்கத்தில, வங்காளத்தில, கிரியோலில, பிரெஞ்சில, எல்லாரும் ஒரேயடியாக. வசந்தி சாப்பாடு ஆறுது எண்டு கத்தினாள், பிள்ளை தோளில இருந்து தானும் ஏதோ கத்தினாள். பக்கத்தில நிண்ட எனக்கு ஆர் என்ன சொன்னது எண்டு ஒரு சொல்லும் விளங்கேல்லை. லோமேயில விளங்கியிருக்கும்.